ஆத்துல யாருக்காவது

மைசூர் அக்ரஹாரம் சதுக்கத்திலிருந்து பிரியும் ஒரு தெருவில், பூட்டிக் கிடக்கும் அச்சகத்தின் முன்னால் கனகாவின் இட்லி வண்டி நிற்கும். விடிந்ததும் முதல் ஈடு இறங்கிவிடும். கட்டட வேலைக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் பூக்கூடை கொண்டுபோகிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஸ்கூட்டரில் திரும்புகிறவர்கள் என்று வெயில் ஏறும்வரை கை ஓயாது. அவள் கணவன் சென்னிமலை சென்ட்ரிங் மேஸ்திரி. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தி, சிலிண்டரை மாட்டி, சட்னி வாளியை இறக்கி வைத்துவிட்டுத்தான் அவன் சைட்டுக்குப் போவான். இரண்டு வருஷமாகத்தான் இந்த ஏற்பாடு. அதற்கு முன்பு எல்லாவற்றையும் கனகா ஒருத்தியே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலை, இட்லிக் கொப்பரையின் மூடியைத் தூக்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தலைக்குள் யாரோ குழவிக்கல்லைப் போட்டது போல இருந்தது என்று பிறகு சொன்னாள். சுற்றி நின்றவர்கள் பித்தம் என்றார்கள். ஒருவர் எலுமிச்சம்பழம் வாங்க ஓடினார். அன்று அங்கே தட்டும் கையுமாக நின்றிருந்தவர் இராமச்சந்திரன். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, அடுத்த தெருக்காரர். அவர் மனைவி சுந்தராம்பாள் இதே போல ஒரு காலை சமையலறையில் உட்கார்ந்து, எழுந்திருக்காமலேயே போனவர். இராமச்சந்திரன் தட்டைக் கீழே போட்டுவிட்டு ஆட்டோவை மறித்தார். கனகாவின் மூளைக்குப் போகும் இரத்தக்குழாயில் ஓரிடம் பலூன் போல உப்பி வெடித்திருந்தது. மண்டையைத் திறந்து கிளிப் போட்டார்கள். பிழைத்தாள். இடது இமை மட்டும் கொஞ்சம் தாழ்ந்து நிற்கிறது. வாடிக்கைக்காரர்கள் இப்போது அதைக் கவனிப்பதில்லை.

இராமச்சந்திரன் மனைவியின் பெயரில் ஒரு அறக்கட்டளை நடத்துகிறார். பெயர் நீளமானது, தெருவில் எல்லோரும் ‘தலை டிரஸ்ட்’ என்கிறார்கள். வருஷம் முழுக்க அவர்கள் வேலை செப்டம்பரை நோக்கித்தான் ஓடும். ஆலை வாசல்களிலும் கல்லூரிகளிலும் பேச்சு, ஹனூர் பக்கத்துத் தமிழ் ஊர்களில் ஒரு முகாம், மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நகரத்தில் ஒரு நடை. கூடவே ஓர் ஆராய்ச்சியும் உண்டு. ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு இந்த வெடிப்பு வந்திருந்தால், கூடப்பிறந்தவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட குடும்பங்களைத் தேடிப் பிடித்து, வெடிக்கும் முன்பே படம் எடுத்துப் பார்ப்பார்கள். இதை நடத்துகிறவர் கனகாவுக்கு அறுவை செய்த டாக்டர் சுலோசனா.

செப்டம்பர் முதல் வாரத்தில், தூறல் விட்ட ஒரு காலை, டாக்டரும் இராமச்சந்திரனும் இட்லி வண்டியருகே நின்று முகாமைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹனூர் முகாமை இந்த வருஷத்தோடு விட்டுவிடலாம் என்பது இராமச்சந்திரனின் யோசனை.

“ரெண்டு வருஷமா போறோம். தலைவலி மாத்திரைக்கு வராங்க, கண்ணாடி கேட்டு வராங்க. ஆராய்ச்சிக்கு ஒரு குடும்பம்கூடக் கிடைக்கல. அந்தப் பக்கத்துல இந்த வியாதியே இல்ல போல இருக்கு.”

“அப்படி இருக்க முடியாது சார்,” என்றார் டாக்டர். பிறகு கனகாவிடம், “எனக்கு இன்னும் ரெண்டு இட்லி வை. இன்னிக்கு ஆத்துல சமையல் இல்லே” என்றார்.

சிலிண்டரைத் திருகிக்கொண்டிருந்த சென்னிமலை தலையைத் தூக்கினான். “ஏனுங் டாக்டரம்மா, ஆத்துல எதுக்குங்க சமைக்கறீங்க? தண்ணி வந்தா அடுப்பு போயிருமுங்களே.”

டாக்டர் சிரித்துவிட்டார். மேல்கோட்டையிலிருந்து வந்த மண்டயம் ஐயங்கார் குடும்பம் அவருடையது. மருத்துவமனையில் நாள் முழுக்கக் கன்னடமும் ஆங்கிலமும்தான். எதிரே இருப்பவர்கள் தமிழர்கள் என்று தெரிந்தால், பிரியமாக வீட்டுத் தமிழை எடுப்பார்.

“ஆத்துலேன்னா வீட்டுல, சென்னிமலை. எங்காத்துலேன்னா எங்க வீட்டுல.”

“ஹௌதா? வீடுங்களா? இத்தனை வருஷம் மைசூர்ல இருந்தும் இது தெரியாம போச்சே.” சிரித்துக்கொண்டே ஸ்பானரைக் கீழே வைத்தவன் சட்டென்று நின்றான். “அப்ப அன்னிக்கு நீங்க கேட்டது?”

“என்ன கேட்டேன்?”

“கனகாவை உள்ள கொண்டுபோன அன்னிக்கு. ஆத்துல யாருக்காவது இப்படி ஆயிருக்கான்னு கேட்டீங்கல்ல?”

“எல்லார்கிட்டயும் கேப்பேன். நீங்க இல்லேன்னேளே.”

“எங்கூர்க்காரங்க ரெண்டு பேரு பாலாத்துல முழுகிப் போயிருக்காங்க. ஆனா அவிய நமக்குச் சொந்தமில்லை. இங்க பொண்டாட்டி உசுருக்குக் கெடக்கறா, இந்தம்மா எதுக்கு ஆத்தைப் பத்திக் கேக்கறாங்கன்னு நினைச்சேன். இல்லீங்கன்னு சொல்லிட்டேன்.”

இராமச்சந்திரனுக்குச் சாம்பார் புரையேறியது. சிரிப்பும் இருமலுமாகத் தலையில் தட்டிக்கொண்டார். டாக்டர் சிரிக்கவில்லை.

“சார், கேம்ப்லயும் நான் இப்படியே தானே கேட்டேன். ரெண்டு வருஷமும்.”

இராமச்சந்திரனின் சிரிப்பு நின்றது. ஊர் ஊராகப் போய், ஆற்றில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா என்று விசாரித்து வந்திருக்கிறார்கள்.

டாக்டர் தட்டை வண்டி ஓரத்தில் வைத்தார். “கனகா, உங்கம்மா எப்படிப் போனா?”

“அம்மாளுக்கு இது இல்லீங்க. அது கழுத்துச் சுளுக்கு,” என்றாள் கனகா, சட்னியை ஊற்றியபடி. “ராயிக் கதிரு அறுக்கப் போன எடத்துல, ஐயோ என்ற தலைன்னு உக்காந்துச்சாமா. வாந்தி எடுத்துச்சாம். அப்பறம் கழுத்து பலகையாட்டம் புடிச்சுக்கிச்சு. எங்க மாமாதான் சுளுக்கு எடுத்து உட்டாரு. சாயங்காலம் படுத்தது, பொறகு…”

பல தடவை சொல்லிப் பழகிய கதை. இந்தத் தடவை சொல்லச் சொல்லக் குரல் மெதுவாகி நின்றுவிட்டது. தட்டு நிறைந்து சட்னி வழிந்தது.

“உனக்கும் கழுத்து பலகையா தான் இருந்தது,” என்றார் டாக்டர். “கூடப்பொறந்தவா எத்தனை பேர்?”

“ஒரே அக்காளுங்க. லிங்கம்மா. ஹனூர் தாண்டி மார்டள்ளில இருக்குது.”

“அவளை உடனே அழைச்சிண்டு வா. உன் பையன் இன்னும் சின்னவன், ரெண்டு மூணு வருஷம் போகட்டும், அப்பறம் பாத்துக்கலாம். அக்காவுக்குத் தள்ளிப்போட முடியாது. பிபி இருக்கா?”

“பாத்ததே இல்லீங்க. பொகலை போடுவா.”

“பொகையிலையும் இதுக்கு ஆகாது. சீக்கிரம் வரச் சொல்லு,” என்றார் டாக்டர்.

அன்றே அவள் அக்காவைக் கைபேசியில் அழைத்தாள். லிங்கம்மா செண்டுமல்லிக் காட்டில் இருந்தாள்.

“இப்ப எப்புடி கண்ணு வர்றது? தசராவுக்குப் பூ போற நேரம். இன்னிக்குப் பறிக்காத பூ நாளைக்குச் சாணிக் குழிக்குத்தான் ஆகும். அங்கிட்டு மக்காச்சோளம் கதிரு முத்திப்போச்சு. உங்கூர்ல யானைய சோடிச்சுக் கும்புடறீங்க, எங்கூர்ல அது சோளத்தத் தின்னுபோட்டுப் போவுது.”

“ஒரே நாளுக்கா. மிஷினுக்குள்ள படுத்துட்டு எந்திரிச்சா போதும்.”

“எனக்குத் தலைநோவே வந்ததில்லையே.”

“எனக்கும் வந்ததில்லை.”

காற்று மட்டும் கேட்டது. “அம்மாளைப் பத்தி அந்த டாக்டரம்மாகிட்டச் சொல்லிட்டியா?” என்றாள் லிங்கம்மா.

“சொல்லிட்டேன்.”

“சொல்லியிருக்க வேண்டாம்,” என்றுவிட்டு அவள் பேச்சை முடித்துக்கொண்டாள்.

அதற்குக் காரணம் கனகாவுக்குத் தெரியும். அம்மாவின் கழுத்தில் கை வைத்த மாமா வேறு யாருமில்லை, லிங்கம்மாவின் கணவன் கந்தசாமி. ஐந்து ஏக்கர் மானாவாரி விவசாயி. செவ்வாயும் ஞாயிறும் அவன் வீட்டு வாசலில் சுளுக்குப் பிடித்தவர்கள் காத்திருப்பார்கள். கௌதள்ளியிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருவார்கள். காசு வாங்க மாட்டான். விளக்கெண்ணெய் மட்டும் அவர்களே கொண்டுவர வேண்டும். ஊரில் அவனுக்குள்ள மரியாதை அந்தக் கையால் வந்தது. அம்மாவுக்கு வந்தது சுளுக்கு இல்லை என்று கனகா வாயைத் திறந்தால், அந்தக் கையைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முகாம் ரத்தாகவில்லை. மார்டள்ளிக்கு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. முதல்நாளே வேனில் கிளம்பினார்கள். கொள்ளேகாலம் தாண்டியதும் சென்னிமலை டாக்டருக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தான்.

“எங்க, சொல்லுங் பாக்கலாம். உங்க ஊட்டுல யாருக்காச்சும்.”

“உங்க வூட்டிலே யாருக்காவது.”

“வூட்டிலே இல்லீங்க. அப்பறம் ஊட்டிக்குப் போனவிய எல்லாம் கை தூக்கிப்போடுவாங்க. ஊட்டுல.”

“ஊட்டுல,” என்றார் டாக்டர் பவ்யமாக. ஹனூர் வரைக்கும் வேனில் அதுவே பேச்சு.

மற்றவர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். கனகாவும் சென்னிமலையும் அக்கா வீட்டுக்குப் போனபோது வெயில் தாழ்ந்திருந்தது. வாசலெங்கும் செண்டுமல்லிக் குவியல். லிங்கம்மா மூட்டைகளின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே களி கிண்டி வைத்திருந்தாள். மொச்சைக்கொட்டைக் குழம்பின் வாசனை வாசல்வரை வந்தது. கந்தசாமி மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுவிட்டுக் கைகால் கழுவி வந்து உட்கார்ந்தான்.

“வாங்க சகலை. மைக் செட்டெல்லாம் வந்திருக்குதாமா?”

“வந்திருக்குதுங்கண்ணா.”

“மைக்குல என்ன சொல்லப் போறாங்களாமா?”

சென்னிமலை மனைவியைப் பார்த்தான். களியைக் குழம்பில் தொட்டபடியே கனகா சொன்னாள். “மாமா, அக்காளை ஒருக்கா மைசூருக்குக் கூட்டிட்டுப் போகோணுங்க. தலைக்குள்ள படம் எடுத்துப் பாக்கோணும்.”

“அவளுக்கு என்ன கேடு? நாள் முச்சூடும் காட்டுல நிக்கறா.”

“நானும் நின்னுட்டுத்தானுங் மாமா இருந்தேன்.”

“உனக்கு வந்தது உன்ற தலைவிதி. அதுக்கு இவளை எதுக்கு இழுக்கற?”

“அம்மாளுக்கும் வந்துச்சுங்களே.”

கந்தசாமியின் கை வட்டிலில் நின்றது. லிங்கம்மா அவசரமாக, “குழம்பு ஊத்தட்டுங்களா?” என்றாள். அவன் வேண்டாம் என்று கை காட்டினான்.

“அவியளுக்கு வந்தது சுளுக்கு, புள்ள. இந்தக் கையிலதான் எடுத்து உட்டேன். எடுத்து உட்டதும், இப்பத் தேவலை மாப்பிள்ளைன்னு சொன்னாங்க. அது சுளுக்கு இல்லைன்னா என்ன அர்த்தம்? மாமியா கழுத்தத் திருகிக் கொன்னவன்னு அர்த்தம். அதைத்தான் நாளைக்கு மைக்குல சொல்லப் போறியா?”

“நான் அப்படிச் சொல்வனுங்களா?”

“நீ சொல்ல வேண்டாம். நீ கை தூக்கினாப் போதும். மிச்சத்த ஊரு சொல்லிக்கும்.”

பாதிக் களியை வைத்துவிட்டு எழுந்து போனான். சென்னிமலையும் கை கழுவிக்கொண்டான். அவன் வேடிக்கையாகப் பேசக்கூடியது அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

பால் கறக்கும்போது லிங்கம்மா தங்கையிடம் பேசினாள், மாட்டின் மடியைவிட்டுக் கண்ணெடுக்காமல்.

“உனக்கு ஆனதைக் கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, கனகு. தலை, வாந்தி, கழுத்து. அவருக்கும் தெரியும். உன்னைய ஆஸ்பத்திரில பாத்துட்டு வந்ததுல இருந்து மனுசன் ஒரு கழுத்தைத் தொடறதில்லை. காலு, கை, இடுப்புன்னா பாக்கறாரு. கழுத்துன்னா, இன்னிக்குக் கை சரியில்லைன்னு அனுப்பிப்போடறாரு. எனக்கு மட்டுந்தான் அது தெரியும்.”

“அப்ப வாயேன்க்கா.”

“அங்க வந்து படுத்து, எனக்கும் இருக்குதுன்னு சொல்லிட்டாங்கன்னா? அம்மாளுக்கு இருந்தது முடிவாயிரும். அவரு தாங்க மாட்டாரு.”

“இருக்குதுன்னா நீ என்ன ஆவேன்னு யோசிச்சியா?”

“எனக்கு ஆனா ஆவட்டும்.”

“ஆவட்டுமா?” கனகா பால் சொம்பை அவள் கையிலிருந்து பிடுங்கினாள். “அம்மாளைத்தான் கடைசியாப் பாக்கல. பஸ் புடிச்சு நான் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. உனக்கும் அப்படி பஸ் புடிச்சு வரச் சொல்றியா? நாளைக்கு நான் கை தூக்கத்தான் போறேன். மாமா என்னைய இந்த ஊட்டுக்கு வராதேன்னாலும் சரி, நீயே சொன்னாலும் சரி.”

லிங்கம்மா சொம்பை வாங்கி மறுபடி கறந்தாள்.

காலையில் சென்னிமலை ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினான். “அன்பான ஊர்ப் பெரியவிய, தாய்மாருங்க எல்லாருக்கும் வணக்கமுங்க. இஸ்கூல்ல தலையைப் பத்தி ஒரு கூட்டமுங்க. மாத்திரை குடுக்க மாட்டாங்க. கண்ணாடி குடுக்க மாட்டாங்க. உசுரு காப்பாத்தற சங்கதி ஒண்ணு சொல்லுவாங்க. கேட்டுட்டு வடை சாப்புட்டுப் போலாமுங்க.” வடையை அவன் சொந்த யோசனையில் சேர்த்தான். கனகா பள்ளிக்கூடச் சமையலறையில் எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார வேண்டியதாயிற்று.

கூட்டம் சேர்ந்துவிட்டது. பூப்பறிப்பை முடித்துவிட்டுப் பெண்கள் அப்படியே வந்திருந்தார்கள், விரல்களெல்லாம் மஞ்சள். லிங்கம்மா அவர்களோடு உட்கார்ந்தாள். கந்தசாமி உள்ளே வரவில்லை. வாசல் தூணருகே கை கட்டி நின்றான்.

டாக்டர் ஒரு நாற்காலியில் சென்னிமலையை உட்கார வைத்துக்கொண்டு பேசினார். எல்லாத் தலைவலியும் இந்த வியாதி இல்லை. ஒரு நொடியில், வாழ்க்கையில் அதுவரை கண்டிராத வலியாக வருவதுதான் இது. கூடவே வாந்தி, மயக்கம், கண் கூசல், கழுத்து விறைப்பு வரலாம் என்றார். பிறகு கழுத்துக்கு வந்தார்.

“கழுத்து புடிச்சுண்டா எல்லாரும் சுளுக்குன்னு நினைச்சுப்பா. சுளுக்கா இருந்தா இப்படித் திருப்ப முடியாது.” சென்னிமலையின் முகவாயைப் பக்கவாட்டில் திருப்பினார். “இந்த வியாதில பெரும்பாலும் பக்கத்துல திரும்பும். ஆனா குனிய முடியாது. முகவாய் நெஞ்சைத் தொடாது. பலகையா நிக்கும். அந்தக் கழுத்தை யாரும் தொடப்படாது. உடனே ஆஸ்பத்திரி.”

தூணருகே கந்தசாமியின் கட்டிய கைகள் அவிழ்ந்தன. அவன் வலது கை மெல்ல உயர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு தலையைப் பிடித்தது போல நின்று, கீழே இறங்கியது. கனகா சமையலறை வாசலிலிருந்து அதைப் பார்த்தாள்.

“இப்ப ஒண்ணு கேக்கறேன்,” என்றார் டாக்டர். மூச்சை இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, “உங்க ஊட்டுல யாருக்காச்சும் இப்படி ஆயிருக்குதுங்களா?”

அந்த உச்சரிப்புக்கு ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. பெண்கள் சிலர் லிங்கம்மாவைப் பார்த்தார்கள். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். அந்த அறையில் இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் அந்த ராகி அறுப்பு நாள் நினைவிருந்தது. கனகா மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

அவள் கையைத் தூக்குவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“என்ற மாமியாளுக்கு இருந்துச்சுங்க.”

கந்தசாமி தூணை விட்டு உள்ளே வந்திருந்தான். பள்ளிக்கூடப் பையன் போல கை முழுதாக உயர்ந்திருந்தது.

“அவிய கழுத்து பக்கத்துல நல்லாத் திரும்புச்சுங்க. அன்னிக்கு அதுதான் எனக்கு வெளங்கல. திரும்பற கழுத்துல எப்படிச் சுளுக்குன்னு நினைச்சேன். ஆனாலும் எடுத்து உட்டேன். குனியல. அப்படிப்பட்ட கழுத்தத் திருகினா என்னங்க ஆகும்?”

டாக்டருக்கு அவன் யாரென்று தெரியாது. கேள்வி கேட்ட ஒரு விவசாயிக்குச் சொல்லுகிற பதிலைத்தான் சொன்னார்.

“திருகறது தப்பு. வலியும் தொந்தரவும் கூடும். ஆனா உங்க கை பட்டு அது வெடிக்கலே. தலையைப் புடிச்சுண்டு உக்காந்தாளே, அப்பவே வெடிச்சாச்சு. அந்த ரத்தம் இறங்கினதாலேதான் கழுத்தே விறைச்சது. நீங்க தொடறதுக்கு முன்னாடியே எல்லாம் நடந்தாச்சு.”

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா?”

“பொழைச்சிருக்கலாம். பொழைக்காமலும் இருந்திருக்கலாம். நிச்சயமாச் சொன்னா அது பொய். வீணாப்போனது நேரம்தான். அது உங்களால மட்டும் இல்லே. அன்னிக்கு இங்க யாருக்கும் தெரியாது.”

கந்தசாமி முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தான். பிறகு கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்து அதட்டினான்.

“என்ன உக்காந்துட்டு இருக்கற? போய்ப் பொடவை ரெண்ட எடுத்துட்டு வா. அந்த வேன்லயே ஏறு.”

“பூவு…” என்றாள் லிங்கம்மா.

“பூவ நான் பறிச்சுக்கறேன். ஏறு புள்ள.”

வாயை மூடிக்கொண்டு லிங்கம்மா அழுதாள். பக்கத்தில் இருந்த பெண் அவள் முதுகைத் தட்டினாள். தட்டிய கையை அப்படியே மேலே தூக்கி, “எங்க அப்பனுக்கும் அண்ணனுக்கும் இப்படித்தானுங்க,” என்றாள். சன்னலோரம் இன்னொரு கை எழுந்தது. பிறகு சுவரோரம் ஒன்று. இரண்டு வருஷம் ஆற்றில் தேடிக் கிடைக்காத குடும்பங்கள் வடை தீர்வதற்குள் ஒவ்வொன்றாக வந்து பெயர் சொல்லின. எழுதி முடியவில்லை என்று இராமச்சந்திரன் இன்னொரு பேனா கேட்டார்.

மைசூரில் படம் எடுத்ததில், லிங்கம்மாவின் தலைக்குள்ளும் வெடிக்காத உப்பல் ஒன்று இருந்தது. கொண்டைக்கடலை அளவு என்றார் டாக்டர். அந்த இடமும் வடிவமும் சரியில்லை, விட்டுவைக்கக் கூடாது என்றார். தொடை வழியாக மெல்லிய குழாயை மேலே செலுத்தி, உள்ளே பிளாட்டினக் கம்பிச் சுருளை வைத்து அடைத்தார்கள். கந்தசாமி பூவைப் பறித்து ஏற்றிவிட்டுப் பஸ்ஸில் வந்து சேர்ந்தான். கண் விழித்த லிங்கம்மா அவனைப் பார்த்ததும் கேட்டாள்.

“பூவு என்னாச்சு?”

“பாதி மொக்கைப் பறிச்சுப்போட்டேனாமா. யாவாரி திட்டறான்.”

“மொக்கையா பறிச்சீங்க? நான் இல்லாட்டி இந்த மனுசனுக்குப் பூவுக்கும் மொக்குக்கும் வித்தியாசம் தெரியாது,” என்று அவள் நர்ஸிடம் கன்னடத்தில் முறையிட்டாள். பேச்சு குழறவில்லை, ஒரு சொல்லும் தடுக்கவில்லை. கனகா வராந்தாவுக்குப் போய் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். கூடவே கண்ணும் வழிந்தது.

மாதக் கடைசி ஞாயிறு. அரண்மனையின் வடக்கு வாசலில் நடை தொடங்கியது. தசரா யானைகளின் ஒத்திகை ஊர்வலம் அதே வீதியில் வரவிருந்ததால், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று போலீசார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள், ஆலைத் தொழிலாளர்கள், பிழைத்தவர்கள், பிழைக்காதவர்களின் வீட்டார் எல்லோரும் நடந்தார்கள். மார்டள்ளியிலிருந்து ஒரு டெம்போ நிறைய ஆட்கள். முன்வரிசையில் பதாகையின் ஒரு கம்பைக் கந்தசாமியும் இன்னொன்றைச் சென்னிமலையும் பிடித்திருந்தார்கள். லிங்கம்மா பாதித்தூரம் நடக்கலாம் என்று அனுமதி வாங்கியிருந்தாள். கனகா அவள் கையை விடவில்லை.

சாலை வளைவில் கந்தசாமியின் கைபேசி அடித்தது. கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு எடுத்தான். அழைத்தவன் கௌதள்ளி உதயகுமார்.

“மாமா, அம்மாளைக் கூட்டிட்டு உங்க ஊட்டுக்கு வந்தோம். பூட்டியிருக்குது. கழுத்து புடிச்சுக்கிச்சு.”

“எப்ப?”

“காலங்காத்தால கருக்கல்ல, பால் கறக்கறப்ப. தலை வெடிக்குதுன்னு கத்துச்சு. வாந்தி எடுத்துச்சு.”

கந்தசாமி நின்றுவிட்டான். பதாகை நின்றது, பின்னால் நடை முழுவதும் நின்றது. “டேய், நாஞ்சொல்றதக் கேளு. கழுத்தப் பக்கத்துல திரும்பச் சொல்லு. நீ தொடாதே. திரும்புதா?”

“திரும்புது மாமா.”

“மொகவாய நெஞ்சுல வெக்கச் சொல்லு.”

காத்திருந்தான். எதிர்ச்சாரியிலிருந்து கான்ஸ்டபிள் ஒருவர், “நடீரி, நடீரி! ஆனெ பர்த்தாவே!” என்று நகரச் சொல்லிக் கத்தினார். வீதியின் கடைசியில் யானைகளின் மணி கேட்கத் தொடங்கியிருந்தது. ஒருவரும் நகரவில்லை.

“வெக்க முடியல மாமா. வலிக்குதுன்னு அழுவுது. நீங்க எப்ப வருவீங்க? காத்துட்டு இருக்கட்டுமா?”

“காத்துட்டு இருக்காதே! அது சுளுக்கு இல்ல. எவன்கிட்டயும் கொண்டு போகாதே. நூத்தியெட்டக் கூப்புடு, வர்ற வண்டில படுக்க வெச்சு இங்க கொண்டு வா. இரு, டாக்டரம்மா பேசறாங்க.”

டாக்டர் சுலோசனா கைபேசியை வாங்கி, வழியில் எந்த ஆஸ்பத்திரியில் நிறுத்தி என்ன பார்க்க வேண்டும், யாரிடம் பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டே சாலையோரம் விரைந்தார். அப்போதுதான் நடை ஒதுங்கியது. யானைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போயின. லிங்கம்மா அவற்றைப் பார்க்கவில்லை. கணவனின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை கம்பை இறுகப் பிடித்திருந்தன.

உச்சிப்பொழுதில் ஆம்புலன்ஸ் மருத்துவமனை வாசலுக்கு வந்தபோது கந்தசாமி அங்கே நின்றிருந்தான். உதயகுமார் குதித்து இறங்கி அவன் கையைப் பிடித்தான். “மாமா, உள்ள போறதுக்கு முந்தி ஒருக்கா நீங்க கழுத்தத் தொட்டுப் பாத்துட்டா எனக்கு நிம்மதி.”

“பாத்தாச்சுடா. போன்லயே பாத்தாச்சு. உள்ள கொண்டு போ.”

உதயகுமாரின் தாய் மல்லம்மாளுக்கு அன்றே அறுவை நடந்தது. நேரத்துக்கு வந்து சேர்ந்தாள் என்று டாக்டர் இராமச்சந்திரனிடம் சொன்னபோது, அவர் கைக்குட்டையை மடித்துப் பிரித்து மடித்தார்.

சில நாள் கழித்து வார்டில் பார்க்க விட்டார்கள். தலையைச் சுற்றிக் கட்டு. மல்லம்மாள் மகனை அடையாளம் கண்டாள். கனகாவை யாரென்று கேட்டாள். பிறகு கட்டிலின் கால்மாட்டில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவனைப் பார்த்தாள்.

“கந்தசாமியா? உன்னையத் தேடித்தான் வந்தேன். சுளுக்கு எடுத்துட்டியாப்பா?”

கந்தசாமி டாக்டரைப் பார்த்தான். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எடுத்தாச்சுங்க்கா,” என்றான் அவன்.